விறாந்தைக்கு வந்த விருந்தாளி

பறவைகளைப் பற்றி இப்பகுதியில் எழுதத் தொடங்கிய நாள் முதலாக எமக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே கேள்வியையே வெவ்வேறு சொற்களிற் கேட்கின்றன. “நாங்கள் கண்ட குருவி எது?” கேள்வி சிறிதுதான். ஆயினும் அதற்கு விடை காண்பதற்குள் ஒரு வீடு நான்கு கட்சியாகப் பிரிந்துவிடுவதும் உண்டு. கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஓர் அம்மையார் எழுதியுள்ள கடிதம் அதற்குச் சான்று.

அவர்கள் வீட்டு முன் விறாந்தையில், மின்குமிழுக்குச் செல்லும் கம்பியில், குப்பை தொங்குவது போல ஏதோ ஒன்று சில நாட்களாக நீண்டுகொண்டு வந்ததாம். ஒட்டடை என்று எண்ணித் தும்புத்தடியை ஓங்கிய அம்மையார், அதற்குள்ளிருந்து ஒரு சிறு குருவி பறந்து போகக் கண்டு கையைத் தாழ்த்திக்கொண்டாராம். அன்று தொடங்கியது வழக்கு. தொங்கும் கூடு ஆதலால் இது தூக்கணாங்குருவியே என்பது மாமியாரின் தீர்ப்பு. உயர்தர வகுப்பிற் படிக்கும் மூத்த மகன், செவ்வரத்தம் பூவின் முன் அந்தரத்தில் நின்று அது தேன் குடித்ததைத் தான் கண்டதாகவும், ஆகவே இது ‘ஹம்மிங் பறவை’ என்றும் சாதிக்கிறான். இளைய மகளோ, வருவது ஒரு குருவியன்று, இரண்டு வகை என்கிறாள். மங்கலான குருவி பாடுபட்டுக் கூடு கட்டுகிறதாம். மினுங்குகின்ற குருவி அதைப் பறித்துக்கொள்ளச் சுற்றித் திரிகிறதாம். வீட்டுத் தலைவருக்கு இந்த ஆராய்ச்சியில் நாட்டமில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு முன் சுவருக்கு வர்ணம் பூசியாக வேண்டும். கூட்டைக் கழற்றி முற்றத்து மாமரத்திற் கட்டிவிட்டால் என்ன என்பது அவருடைய கேள்வி.

நால்வருக்கும் நாம் விடை சொல்ல வேண்டும். முதல் மூவருக்குச் சொல்லும் விடையிலேதான் நான்காமவருக்குரிய விடையும் அடங்கியிருக்கிறது. ஆதலால் முறைப்படியே செல்வோம்.

பெரியவரின் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். தூக்கணாங்குருவியும் தொங்கும் கூடுதான் கட்டும். ஆனால் அது நெசவாளி. புல்லையும் ஓலையையும் நீள நீளமாகக் கிழித்து, அலகையே ஊசியாகக் கொண்டு பின்னிப் பின்னிக் கட்டும். கூட்டின் கீழே குழாய் போன்ற நீண்ட வாயில் இருக்கும். தனித்து வாழாது, ஒரே மரத்திற் பல கூடுகள் ஊர்போலத் தொங்கும். அம்மையார் வீட்டுக் கூடோ தனிக் கூடு. பின்னல் எதுவும் அதில் இல்லை. மரப்பட்டைத் துணுக்கு, உலர்ந்த இலை, புழுவின் எச்சம் ஆகிய எல்லாவற்றையும் சிலந்தி நூலால் ஒட்டிச் செய்த ஒரு சிறு பை அது. பக்கத்திலே ஒரு துவாரம். அதற்கு மேல், மழை நீர் உள்ளே செல்லாதபடி, தாழ்வாரம் போன்ற ஒரு சிறு நீட்சி. குப்பை என்று கருதித் தும்புத்தடியை எடுத்தாரே, பறவை விரும்பியதும் அதுவே! காகத்தின் கண்ணுக்கும் அது குப்பையாகத் தோன்ற வேண்டும் அல்லவா? இவ்வாறு கட்டுவது தேன்சிட்டு. சிங்கள மக்கள் இதனைச் ‘சூட்டிக்கா’ என்பர்.

அடுத்து மாணவனின் வாதம். ஹம்மிங் பறவை எனப்படும் ரீங்காரச்சிட்டினைப் பற்றி நம் பிள்ளைகள் படங்களிலும் புத்தகங்களிலும் நிறையப் பார்க்கிறார்கள். பார்த்ததை முற்றத்திலும் தேடுகிறார்கள். ஆனால் இன்று உலகில் வாழும் ரீங்காரச்சிட்டுக்கள் அனைத்தும், அவை முந்நூற்றைம்பது வகைக்கும் மேற்பட்டவை, அமெரிக்கக் கண்டங்களுக்கும் அவற்றை அடுத்த தீவுகளுக்குமே உரியவை. இலங்கையிலோ இந்தியாவிலோ ஒன்றுகூட இயற்கையில் இல்லை. நம் தேன்சிட்டின் சுற்றமோ ஆபிரிக்கா தொடங்கி ஆசியாவின் வெப்ப நாடுகள் வழியாக அவுஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலை வரையிற் பரந்து கிடப்பது.

இரண்டும் உறவினமும் அல்ல. ரீங்காரச்சிட்டின் கிட்டிய உறவு, மாலை வானில் வில்லெனச் சிறகு வளைத்துப் பறக்கும் உழவாரன். தேன்சிட்டோ ஊர்க்குருவியும் மைனாவும் காகமும் அடங்கிய பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அங்ஙனமாயின் ஒப்புமை எங்கிருந்து வந்தது? தொழிலிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துத் தச்சரும் சீன நாட்டுத் தச்சரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆயினும் இருவர் கையிலும் உளி இருக்கும். ஆழ்ந்த பூவினுள்ளிருந்து தேனெடுப்பதே இரண்டு பறவைகளுக்கும் தொழிலாதலின், நீண்ட அலகும் குழல்போன்ற நாக்கும் மினுங்கும் இறகும் இரண்டு கண்டங்களிலும் தனித்தனியே தோன்றின.

வேறுபாட்டைக் கண்டறிவது கடினமன்று. ரீங்காரச்சிட்டு பூவின் முன் நெடுநேரம் அந்தரத்திலே நிற்கும், பின்னோக்கியும் பறக்கும். தேன்சிட்டு, வேறு வழியில்லாதபோது சில கணங்கள் சிறகடித்து நிற்குமேயன்றி, கால் வைக்கக் காம்பு கிடைத்தால் அமர்ந்தே உண்ணும். தலைகீழாகத் தொங்கியும் உண்ணும். மாணவன் கண்டது அந்தச் சில கணங்களையே. அவன் கண் பொய் சொல்லவில்லை. கண்டதற்கு இட்ட பெயர்தான் கடல் கடந்து வந்துவிட்டது. இங்கே இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். மாலை மங்கும் வேளையிற் பூக்களின் முன் ரீங்கரித்து நிற்கும் ஒரு சிறு உருவத்தைக் கண்டு, “இதுதான் அது” என்று எழுதுவோரும் உளர். உற்று நோக்கினால் அதன் தலையில் இரண்டு உணர்கொம்புகள் தெரியும். அது பறவையே அன்று. பருந்து அந்து எனப்படும் ஒருவகை விட்டிற் பூச்சி.

இனிச் சிறுமியின் குற்றச்சாட்டு. மூவருள்ளும் கூர்ந்து நோக்கியவள் அவளே என்று நாம் கருதுகிறோம். இரண்டு நிறம் உண்டென்பதையும், மங்கலானதே உழைக்கின்றது என்பதையும் அவள் கண்டுகொண்டாள். ஆனால் வந்தவை இரண்டு வகையல்ல, கணவனும் மனைவியும். மினுங்குவது ஆண். மங்கலானது பெண். கூட்டைப் பெரும்பாலும் பெண்ணே கட்டுகிறது. முட்டையின் மீது அமர்ந்து அடைகாக்கவும் செய்கிறது. ஆண் அதன் பின்னே பறந்து திரிவதைத்தான் சிறுமி திருட்டு முயற்சி என்று எண்ணிவிட்டாள். குஞ்சு பொரித்த பின் ஆணும் இரை கொண்டுவந்து ஊட்டும். ஆதலால் அதனை முற்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

நம் புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் ஆண் பறவையே பெரிதாக வரையப்படுகிறது. அதனாற் பெண் தேன்சிட்டை நாள்தோறும் கண்டும், “ஏதோ ஒரு சிறு குருவி” என்று கடந்து போகிறோம். ஒரு பறவையை அறிந்தோம் என்று சொல்ல வேண்டுமாயின் அதன் இரண்டு உருவத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தேன்சிட்டு என்பது தெளிவாயிற்று. எந்தத் தேன்சிட்டு? இலங்கையில் நாம் காணக்கூடியவை மூன்று. அம்மையார் எழுதியிருப்பது இது: “வயிறு மஞ்சள். கழுத்து ஒரு நேரம் கறுப்பாகவும் ஒரு நேரம் ஊதாவாகவும் தெரிகிறது. மற்றதற்குக் கழுத்து சாம்பல் கலந்த வெள்ளை, வயிறு மஞ்சள்.” இவ்வளவும் போதும். இது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. அலகு நுனி தொடங்கி வால் நுனி வரையில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர், அதாவது நான்கு அங்குலமே உள்ளது. ஆணின் உச்சந்தலை பச்சையாய் ஒளிரும்; முதுகும் மார்பின் குறுக்கே ஓடும் பட்டியும் கருஞ்சிவப்பு; வாலின் அடியிலும் தொண்டையிலும் ஊதா. தென்னிந்தியாவிலும் நம் நாட்டிலும் வீட்டுத் தோட்டங்களை விரும்பி வாழ்வது. கண்டியிற் செவ்வரத்தையும் வாழையும் உள்ள முற்றத்தில் இதனைக் காணாதிருத்தலே அரிது.

இரண்டாவது, நீளலகுத் தேன்சிட்டு. இதுவும் கண்டித் தோட்டங்களில் வாழ்வதே. ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் நீளமானது. ஆண், தூரத்திற் பார்த்தாற் கறுப்பாகவே தோன்றும். வெயில் படும்போது ஊதாவும் நீலமும் பச்சையும் மாறி மாறி ஒளிரும். மார்பிற் கருஞ்சிவப்புப் பட்டி. அதன் கீழே வயிறு மங்கிய கபிலம். ஆனால் நிறத்தை மறந்துவிடுங்கள். அலகைப் பாருங்கள். அரிவாள் போல நீண்டு நன்றாக வளைந்திருக்கும் அந்த அலகு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. அது ஒன்றே போதும்.

மூன்றாவது, ஊதாத் தேன்சிட்டு. யாழ்ப்பாணத்து வாசகர்களும் வன்னி வாசகர்களும் இதனை நன்கு அறிவர். வரண்ட வலயத் தாழ்நிலமே இதற்கு மிக உவந்த இடம். ஆண் இதிலும் மினுங்கும் கறுப்புத்தான். ஆனால் அலகு குறுகியது, வளைவும் குறைந்தது. வயிறும் கறுப்பே, கபிலம் அன்று. இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் ஆண் தன் ஒளிரும் உடையைக் களைந்து பெண்ணைப் போல மங்கிவிடும். எனினும் தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவே ஒரு கருங்கோடு எஞ்சி நிற்கும். அக்கோட்டைக் கண்டாற் ‘புதுவகைக் குருவி’ என்று மயங்க வேண்டியதில்லை.

நிறத்தை மறக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தேன்சிட்டின் மினுமினுப்பு, துணிக்குச் சாயம் தோய்த்தது போன்ற நிறமன்று. மயிற்றோகையிற் போலவே, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் உண்டாவது. ஒளி வரும் திசையும் நாம் நிற்கும் இடமும் மாறினால் நிறமும் மாறும். நிழலிலே வெறுங் கறுப்பாகிவிடும். அம்மையாருக்குக் கழுத்து ஒருமுறை கறுப்பாகவும் ஒருமுறை ஊதாவாகவும் தெரிந்தது இதனாலேயே. வெயிலோடு மாறும் சாட்சியை நம்பித் தீர்ப்புக் கூறலாமா? அலகும், வாழும் இடமும், செய்யும் செயலும் மாறா. அவற்றையே முதற் சாட்சியாகக் கொள்ள வேண்டும்.

அறிஞர்களும் இவ்வழியே வந்தவர்கள்தாம். உயிர்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயசு, 1766ஆம் ஆண்டில் நமது ஊதாப்பிட்டத் தேன்சிட்டுக்கும் நீளலகுத் தேன்சிட்டுக்கும் பெயர் சூட்டினார். வளைந்த அலகைக் கண்டு, மரப்பட்டையிற் பூச்சி பொறுக்கும் ஐரோப்பியப் பறவையொன்றின் குழுவில் அவற்றைச் சேர்த்துவிட்டார். பின்வந்தோர், உண்ணும் உணவையும் நாக்கின் அமைப்பையும் ஆராய்ந்து தேன்சிட்டுக்களை வேறாகப் பிரித்தனர். ஆயினும் அவர் இட்ட சிறப்புப் பெயர்கள் இரண்டும் இன்றும் நிலைத்துள்ளன. ஊதாப்பிட்டத்துக்கு அவர் இட்டது ‘செய்லோனிக்கா’. நம் தீவின் பெயரே அது.

நீளலகுத் தேன்சிட்டின் பெயரிலோ ஒரு சரித்திரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘லோட்டனின் தேன்சிட்டு’. யொவான் கிடியன் லோட்டன் என்பவர் 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்தவர். இயற்கையில் ஆர்வம் மிக்க அவர், இந்நாட்டிற் பிறந்த டி பெவர் என்னும் ஓவியரைக் கொண்டு இங்குள்ள பறவைகளையும் பிற உயிர்களையும் வரைவித்தார். அக்காலத்தில் ஒல்லாந்தர் ஆட்சி கரையோரத்தோடு நின்றது. கண்டியில் வீற்றிருந்தவன் நாயக்க வமிசத்துக் கீர்த்தி சிறீ இராசசிங்கன். கண்டியை ஒருநாளும் ஆளாத ஒருவரின் பெயரைக் கண்டித் தோட்டத்துக் குருவி இன்றளவும் சுமந்து திரிகிறது! பெயரை அறிஞர் இடலாம். பறவையை அறிவதற்கோ, அது வாழும் முற்றத்தில் உள்ளவரே மிகவும் வாய்ப்புடையவர்.

தேன்சிட்டென்று மயங்கத் தக்க வேறு இரு சிறு பறவைகளும் கண்டியில் உண்டு. ஒன்று பூக்கொத்தி. நம் நாட்டுப் பறவைகளுள் மிகச் சிறியவற்றுள் இதுவும் ஒன்று. 8 சென்ரிமீற்றரே இருக்கும். நிறம் சாம்பல் கலந்த மங்கற் பச்சை. பெண் தேன்சிட்டு என்று எளிதில் ஏமாறலாம். ஆனால் அலகு குட்டை. ஜாம்பழ மரத்திலும் புல்லுருவி படர்ந்த மாமரத்திலும் ‘டிக், டிக்’ என்று ஒலித்துத் திரியும். புல்லுருவிக் கனியை உண்டு அதன் வித்தைக் கிளைக்குக் கிளை பரப்புவதும் இதுவே. சிங்களத்தில் இதற்குப் ‘பிளிலிச்சா’ என்று பெயர். ‘பிளில’ என்றால் புல்லுருவி. பறவையின் செயலையே பெயராக வைத்த அறிவை நாம் பாராட்ட வேண்டும். மற்றொன்று வெள்ளைக்கண்ணி. மஞ்சள் கலந்த பச்சை உடல். கண்ணைச் சுற்றி வெண்சுண்ணாம்பினால் வட்டமிட்டது போன்ற வளையம். கூட்டமாகவே வரும். நுவரெலியா போன்ற உயர்ந்த மலைகளுக்குச் சென்றால், இலங்கையிலன்றி வேறெங்கும் இல்லாத அதன் உடன்பிறப்பையும் காணலாம்.

இப்போது வீட்டுத் தலைவரின் கேள்விக்கு வருவோம். கூட்டைக் கழற்றி மாமரத்திற் கட்டலாமா? கூடாது. தாய்ப்பறவை தன் கூட்டை நாடி வருவது, அது தொங்கும் இடத்தைக் கொண்டே. இடத்தை மாற்றினால், சில அடி தொலைவாயினும், முட்டையும் குஞ்சும் கைவிடப்படும் என்றே கொள்ள வேண்டும். சிலந்தி நூலால் ஒட்டிய கூடு கை பட்டாற் கிழிந்தும் போகும். விறாந்தையை அது தேடி வந்ததும் காரணமின்றியன்று. மனிதர் நடமாடும் இடத்துக்குக் காகம் நெருங்க அஞ்சும். மெல்லிய கம்பியிற் பூனை ஏற இயலாது. உங்கள் குடும்பத்தைக் காவலாக எண்ணியே அது வந்து குடியிருக்கிறது.

எத்தனை நாள் பொறுப்பது என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பறவையின் பெயர் தெரிந்தால் பொறுமையின் எல்லையும் தெரிந்துவிடும். இக்குருவி பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். அடைகாப்பது ஏறத்தாழ இரண்டு கிழமை. குஞ்சுகள் பறக்க மேலும் இரண்டு கிழமைக்குச் சற்று அதிகம். ஆக, முட்டையிட்ட நாளிலிருந்து ஐந்து கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதன்பின் கூட்டை எடுக்கலாம். அதுவரையில் வீட்டின் மற்றச் சுவர்களுக்கு வர்ணம் பூசட்டும்; விறாந்தை இறுதியாக இருக்கட்டும். புத்தாண்டன்று ஒரு சுவர் பழைய நிறத்தில் இருந்ததென்று எந்த உறவினரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் அவருக்குக் கூட்டைக் காட்டுங்கள்.

வேறு சில குறிப்புகளும் சொல்வோம். அந்த மின்குமிழை இரவில் ஏற்றாதிருத்தல் நன்று. படம் எடுப்பதற்காகக் கூட்டின் வாயிலில் முகத்தை வைக்க வேண்டாம். குஞ்சுகளுக்குச் சீனித் தண்ணீர் ஊட்டவும் வேண்டாம். தேன்சிட்டு என்னும் பெயரால் மயங்கிப் பலர் இதனைச் செய்கிறார்கள். தாய் தந்தையர் குஞ்சுக்குக் கொண்டுவருவது சிறு பூச்சியும் சிலந்தியுமே. அது கருதியேனும், அந்நாட்களிற் செடிகளுக்குப் பூச்சி மருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். நம் நாட்டிற் பறவைகளுக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. ஆனால் விறாந்தையிற் சட்டத்தை விட வீட்டாரின் மனமே வலிய காவல்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். ஒரு கொப்பியை எடுத்து அதில் நான்கு தலைப்புகளை எழுதிக்கொள்ளுங்கள்: அலகு, இடம், செயல், துணை. நிறத்தை ஐந்தாவதாக, கடைசியில் எழுதுங்கள். அலகு எத்தகையது, எந்த மரத்தில் இருந்தது, என்ன செய்தது, உடன் வந்தது எது என்று குறித்த பின்னரே பறவை நூலைத் திறவுங்கள். 1821ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் நடுவே அமைந்துள்ள பேராதனைப் பூந்தோட்டம் இதற்குச் சிறந்த இடம். தலதா மாளிகைக்குப் பின்னே, 1938ஆம் ஆண்டிலிருந்து சரணாலயமாக உள்ள உடவத்தைக்கெலே காடும் அத்தகையதே. காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே சென்றால் ஏமாற்றமிராது. அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்கள் தம் வீட்டு வாழைமரத்தின் கீழ் அரைமணி நேரம் அசையாது இருந்து பார்க்கலாம். வாழைப்பொத்தியின் மடல் விரிந்த நாளாயின், தேன்சிட்டு தானே தேடி வரும்.